வாவிக்கு அக்கரையில் ஒரு ஜோடிச் செருப்பு

மலர், கவின்,

நான் திரும்பி வந்த நாளிலிருந்து, யானை பார்த்தீங்களாப்பா என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். பார்க்கவில்லை. ரயில் காட்டுக்குள் போகும்போது எதிரில் இருந்த அம்மா ஜன்னல் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். நான் எழுந்து எட்டிப் பார்ப்பதற்குள் யானை நின்ற இடத்தில் மரம்தான் நின்றது. அதனால் யானைக் கதை கிடையாது. நடந்ததை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் மலர் திருத்திப் படித்துக்கொள்.

கொழும்பு விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ரப்பர் தாள் சுருள், தோல் துண்டுகள், கத்திரிக்கோல், குத்தூசி, உங்கள் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. அதிகாரி குத்தூசியைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். நான் என் காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற தமிழர் ஒருவர் சொன்னார்: "எங்கட நாட்டில செருப்பே இல்லையா எண்டு கேக்கிறார்."

செருப்பு இருக்கிறது. நான் தைக்கும் மாதிரிச் செருப்பைத் தைக்கத்தான் அங்கே ஆள் குறைவு. அப்பாவின் வேலை உங்களுக்குத் தெரியும். தொழுநோய்க்கு மாத்திரை இருக்கிறது. சாப்பிட்டால் நோய் போய்விடும், மற்றவருக்கு ஒட்டாது. ஆனால் மருந்து தொடங்கத் தாமதமானவர்களில் சிலருக்குக் கை கால் நரம்பு செத்துப் போயிருக்கும். அது திரும்பி வருவதில்லை. முள் ஏறினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. வலி தெரியாத காலுக்கு வலி வராமல் காப்பதுதான் என் செருப்பு. மட்டக்களப்பில் இப்படிப்பட்ட இளம் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கி, மறுபடி ஊருக்குள் நடமாட வைக்கிற ஒரு சிறிய நிலையம் இருக்கிறது. அங்கே செருப்பு வேலை செய்கிறவருக்கு என் கைவேலையைக் காட்டிக் கொடுக்கத்தான் போனேன்.

ரயிலில் இறால் வைத்த வடை விற்றுக்கொண்டு வந்தார்கள். இறால் தலையும் மீசையுமாக வடையின் மேல் குந்தியிருந்தது. நம்மூர் மசால்வடையை விட அழகு, ஆனால் காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. மேலே வைத்திருந்த ரப்பர் சுருள் ஒரு வளைவில் உருண்டு வந்து ஒரு பெரியவர் மடியில் விழுந்தது. நான் பதறிப்போய் எழுந்தேன். அவர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார். பக்கத்து இருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் என்னைப் பார்த்துப் பேசிச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். பெரியவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார், "இந்த மனுசன் குந்திக்கொண்டே நடக்கிறானாம்."

என் கால் ஆடியபடி இருந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் அன்ரன் வந்து நின்றார். அவர்தான் அந்தத் தொழில் பழக்கும் நிலையத்தின் செருப்புக்காரர். என்னை விடக் கொஞ்சம் இளையவர், கத்தோலிக்கர், மோட்டார் சைக்கிள் முன்னால் செபமாலை தொங்கும். அவருக்கும் சின்ன வயதில் இந்த நோய் வந்து மாறியிருக்கிறது. இடது கையில் இரண்டு விரல் மடங்கியபடி நிற்கும். அந்தக் கையால்தான் தோலைப் பிடித்துக்கொண்டு வெட்டுவார்.

நேராகப் பட்டறைக்குப் போகலாம் என்றேன். அவர் என்னை ஒரு தேநீர்க் கடையில் இறக்கினார். "இரிங்க அண்ணன், பிளேன்ரீ குடிச்சிட்டுப் போவம். வாவி எங்கயும் ஓடிப் போகாது."

வாவி என்றால் கடலுக்குப் பக்கத்தில் நீளமாகக் கிடக்கும் உப்பேரி. ஊர் அதன் இரு கரையிலும் இருக்கிறது. எங்கே போனாலும் அதைக் கடக்க வேண்டும், அல்லது அது பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கும். ஒரு பாலத்தின் மேல் போகும்போது அன்ரன் தண்ணீருக்குள் இருந்த ஒரு சின்னத் தீவைக் காட்டினார். அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தவர்களை அங்கேதான் கொண்டுபோய் விடுவார்களாம். சொல்லிவிட்டு, இராத்திரிக்குப் பிட்டும் நண்டுக் கறியும் என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

அடுத்த நாள் கிளினிக். கதிரவெளியிலிருந்து ஒரு மீனவ இளைஞன் வந்தான். துடுப்பு அவன் உள்ளங்கையைத் தின்றிருந்தது. அன்ரன் துடுப்புப் பிடியில் ரப்பர் சுற்றி, மடங்கிய விரலுக்கு ஏற்றபடி பள்ளம் எடுத்துக் கொடுத்திருந்தார். கிரானிலிருந்து வந்த இன்னொருவன் வயலில் தண்ணீருக்குள் நிற்கிறவன். அவனுக்குச் செருப்பு உதவாது, முழங்கால் வரை பூட்ஸ் வேண்டும், அதற்குள் மெத்தை வைக்க வேண்டும். காலைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டபடியே அன்று போனது.

தர்மினி கடைசியாக வந்தாள். இருபத்திரண்டு வயது. கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவிக்கு மேற்கே ஒரு கிராமம். இரண்டு பாதத்திலும் உணர்வு கிடையாது. வலது கையில் சுண்டுவிரலும் அடுத்ததும் மடங்கியிருக்கும். வலது பெருவிரலுக்குக் கீழே இருந்த புண் ஆறி அப்போதுதான் புதுத்தோல் மூடியிருந்தது. நிலையத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சுப் படித்திருந்தாள். எட்டு விரலால் அவள் அடிக்கும் வேகத்துக்கு என் வாய் பேசாது. அவள் ஊர்ச் சந்தியில் ஒரு கொமினிகேசன் இருக்கிறது. ஃபோட்டோகாப்பி, போன் ரீசார்ஜ், தட்டச்சு எல்லாம் செய்து கொடுக்கும் கடையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. அப்பா இல்லாத வீடு. அம்மா அறுவடைக்குப் போகிறவர்.

அவள் வாசலில் சைக்கிளை நிறுத்தியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலில் ஹவாய் செருப்பு. அது கழன்று விழாமல் இருக்க கணுக்காலோடு சேர்த்து ரிப்பனால் கட்டியிருந்தாள். கூடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். அதற்குள் அன்ரன் தைத்துக் கொடுத்த கறுப்புச் செருப்பு இருந்தது. அதை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். போகும்போது மறுபடி கழற்றிப் பையில் போட்டாள்.

மலர் புது ஸ்கூல் ஷூவைத் தேய்ந்துவிடும் என்று கையில் தூக்கிக்கொண்டு நடந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? இவளும் அப்படித்தான், பத்திரப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் நல்லதாக, இன்னும் உறுதியாகத் தைத்துக் கொடுத்தால் பயமில்லாமல் போட்டுக்கொள்வாள். அப்படித்தான் என் புத்தி போனது.

அடுத்த இரண்டு நாளும் அவள் செருப்பிலேயே இருந்தேன். பெரிய சண்டை பசையோடுதான். விமானத்தில் சொல்யூஷன் கொண்டுபோக விடமாட்டார்கள், அங்கேயே வாங்கினோம். வாவிக்காற்றின் ஈரத்தில் அது காயவில்லை. வெயில் வரும், செருப்பை வெளியே வைப்பேன். மழை தூறும், ஓடிப்போய் எடுப்பேன். "அண்ணன், அதுக்குக் கால் முளைக்கும் முன்ன நீங்க ஓடி முடிச்சிருவீங்க" என்றார் அன்ரன். எங்கள் செருப்பில் ஆணி அடிக்கவே கூடாது, ஆணி கிளம்பினால் உணர்வில்லாத கால் அதன் மேலேயே நடக்கும். பசையும் தையலும்தான். அதனால் பசை காயாமல் எதுவும் நடக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் செருப்பு முடிந்தது. கறுப்பு நிறம், அகல வார், பின்வார், வெல்க்ரோ. நம் பட்டறையில் நான் தைத்த எதற்கும் குறைவில்லை. சனிக்கிழமை அவளே வந்து எடுத்துக்கொள்வாள் என்றார் அன்ரன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுத்தோல், ரிப்பன் கட்டிய செருப்பு, ஒரு நாள் போதும் புண் பிளக்க. வா போவோம், வா போவோம் என்று அரித்து அவரைக் கிளப்பினேன்.

துறைக்கு வந்தோம். அங்கே வாவியைக் கடக்கப் "பாதை" இருக்கிறது. பாதை என்றால் ரோடு இல்லை; சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஆட்களும் ஏறும் இரும்பு மிதவை, மோட்டார் வைத்து ஓட்டுவார்கள். அன்ரன் பெட்ரோல் அடித்துவிட்டு வருகிறேன், நில்லுங்கள் என்றார். அவர் போனதும் பாதை கிளம்பப் போகிறேன் என்று சத்தம் கொடுத்தது. அடுத்தது எப்போது என்று கேட்டேன். ஆள் சேர்ந்ததும் என்றார்கள். நான் ஏறிவிட்டேன்.

செருப்பைப் பையில் வைக்கவில்லை. பசை காற்றாட வேண்டுமே என்று இரண்டு பின்வாரையும் விரலில் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தேன்.

தண்ணீர் அமைதியாக இருந்தது. ஓரத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசினார். எனக்கு எதிரில் ஒரு அம்மா, மடியில் பிள்ளை, காலடியில் தயிர்ச்சட்டி. அவர் செருப்பைப் பார்த்தார்.

"ஆர்ட செருப்பு தம்பி?"

அக்கரையில் தர்மினி என்று ஒரு பெண்ணுக்கு, வீடு தெரியுமா என்று கேட்டேன்.

"இது அந்த வருத்தக்காரர் போடுற செருப்புத்தானே?"

வருத்தம் என்றால் அங்கே நோய். ஆமாம்மா, நல்லா குணமாயிடுச்சு, ஒட்டவே ஒட்டாது, பயப்பட ஒண்ணுமே இல்லை என்றேன். நம் ஆஸ்பத்திரியில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேனே, அதே மாதிரி சந்தோஷமாகச் சொன்னேன். அந்த அம்மா பிள்ளையை மடியிலிருந்து தூக்கி மறுபக்கம் உட்கார வைத்தார். தயிர்ச்சட்டியையும் நகர்த்தினார். என்னை விட்டு, செருப்பை விட்டு.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நம் ஊரில் ஆஸ்பத்திரியைச் சுற்றித்தானே இந்தச் செருப்புப் போட்டவர்கள் எல்லோரும் குடியிருக்கிறார்கள். டீக்கடையில், ரேஷன் கடையில், எங்கே பார்த்தாலும் இந்தச் செருப்புதான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அக்கரையில் இறங்கி, பெட்டிக்கடையில் வழி கேட்டேன். வரப்போரம் சைக்கிளில் வந்தவரிடம் கேட்டேன். குழாயில் தண்ணீர் பிடித்த பெண்களிடம் கேட்டேன். எல்லோரும் முதலில் என் கையைப் பார்த்தார்கள், பிறகுதான் வழியைக் காட்டினார்கள்.

தர்மினியின் அம்மா வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். "உள்ள வாங்க தம்பி. அதையும் உள்ள கொண்டு வாங்க" என்றார். நான் நுழைந்ததும் கதவைச் சாத்தினார்.

தர்மினி எழுந்து வந்தாள். "ஆரிட்ட வழி கேட்டீங்க?"

பாதையில், பெட்டிக்கடையில், குழாயடியில் என்று சொல்லச் சொல்ல அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மெதுவாக விஷயம் வெளியே வந்தது. அவளுக்கு இந்த நோய் வந்தது ஊரில் யாருக்கும் தெரியாதாம். கால் புண்ணுக்குச் சர்க்கரை என்று சொல்லியிருக்கிறார்கள். மடங்கிய விரலுக்குச் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். மருந்து சாப்பிட்ட காலம் முழுக்க அந்த ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் இந்த மாதிரிச் செருப்பைக் கண்டால் ஊராருக்குத் தெரியும்; இதற்கு முன் அந்தப் பக்கம் ஒரு பெரியவர் அதைப் போட்டிருந்தாராம், அவர் சாகும்வரை கோயில் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லையாம். அதனால்தான் பிளாஸ்டிக் பை. பத்திரப்படுத்த இல்லை, ஒளித்து வைக்க.

உள்ளே உலையில் சோறு கொதித்தது. எழுந்து போகப் பார்த்தேன். அந்த அம்மா தட்டைக் கழுவினார். சோறு, இறால், கீரைச் சுண்டல், மேலே தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணம் என்கிற குழம்பு, கடைசியில் எருமைத் தயிர். "வந்த மனுசன் வெறும் வயித்தோட போறதா?" என்று மட்டும் கேட்டார். அழுதுகொண்டே பரிமாறினார். அவ்வளவு ருசியான சாப்பாட்டை அப்படி விழுங்கியது என் ஆயுளில் அன்றுதான்.

அன்ரன் அடுத்த பாதையில் வந்து சேர்ந்தார். வழியிலேயே கேள்விப்பட்டுவிட்டார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் பெற்றோல் அடிக்கிற நேரம் பொறுக்க ஏலல்லையா ஒங்களுக்கு? ஒங்கட ஊரில இந்தச் செருப்ப மாலையாப் போட்டுட்டா திரியிறாங்க?"

அவர் கோபப்பட்டது நல்லதுதான். அந்த வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

நாங்கள் கிளம்பும் முன்பே, சாயங்காலத்துக்குள் கொமினிகேசன் நடத்தும் பெண்ணிடமிருந்து தர்மினிக்குப் போன் வந்துவிட்டது. சாந்தி என்று பெயர். திங்கட்கிழமை வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும், பிறகு பார்ப்போம் என்றாராம். காரணம் சொல்லவில்லை.

நான் உடனே போய்ப் பேசுகிறேன் என்று எழுந்தேன். நோய் எப்படி வரும், மருந்து தொடங்கிய பிறகு எப்படி ஒட்டாது, எல்லாம் எனக்குத் தெரியும். கடையில் நின்று சொல்கிறேன், தேவைப்பட்டால் சந்தியில் நின்று சொல்கிறேன் என்றேன்.

தர்மினி எழுந்து வாசலை மறித்து நின்றாள்.

"நீங்க இனி எங்கயும் போகாதீங்க அண்ணன். கால மட்டும் பாருங்க. வாய நான் பாக்கிறன்."

சனிக்கிழமை முழுக்கப் பட்டறையில் நடந்தபடி இருந்தேன். தோலை எடுப்பேன், வைப்பேன். உங்களுக்குப் போன் செய்தேனே, என்னப்பா குரல் இப்படி இருக்கு என்று மலர் கேட்டாளே, அது அன்றுதான். தர்மினி எப்படியும் ஊரை விட்டு எங்காவது போக வேண்டியிருக்குமோ, அந்த அம்மா எங்கே போவார், என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. அன்ரன் இன்னொருவர் பூட்ஸுக்குள் மெத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள கதைக்கப் போயிரிக்கு. வந்து சொல்லும்" என்றார். அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரியவில்லை, ஆனால் மீன் பணிஸ் என்கிற மீன் வைத்த பன் வாங்கி வந்தபோது எனக்கும் ஒன்று வாங்கி வந்தார்.

மத்தியானம் தாண்டி தர்மினி வந்தாள். வியர்வை வழிய, சைக்கிளில். சாந்தியின் வீட்டுக்கே போயிருக்கிறாள். எனக்கு வந்தது இந்த நோய்தான், மாத்திரை முடித்து வருஷம் இரண்டாகிறது, கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள், இப்போது இருப்பது நோய் இல்லை, நோய் விட்டுப்போன காயம் என்று சொல்லியிருக்கிறாள். சாந்தி அதைக் கேட்டுவிட்டு, ஒரு கிழமை, அதாவது ஒரு வாரம், பார்ப்போம், ஆனால் முன் மேசையில் வேண்டாம், உள்ளே கம்ப்யூட்டரில் இரு, கடைக்கு வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன் என்றாராம்.

"ஒரு கிழமைதானா?" என்றேன்.

"ஒரு கிழம காணும், போதும்" என்றாள். பிறகு என் புதுச் செருப்பை மேசையில் வைத்தாள். "இது வேணாம்."

நான் தயங்கினேன். ஊருக்குத்தான் தெரிந்துவிட்டதே, இனி ஒளிக்க என்ன இருக்கிறது, தைரியமாகப் போட்டுக்கொள் என்று சொல்ல வாய் வந்தது. முழுக்கச் சொல்லவும் செய்தேன்.

"தெரிஞ்சது தெரிஞ்சதுதான். ஆனா சனம் மறந்து போகும் அண்ணன். மறக்கத்தான் ஒரு கிழம கேட்டிரிக்கன். நான் ஒவ்வொரு நாளும் காலால ஞாபகப்படுத்திட்டுத் திரியணுமா?"

இத்தனை வருஷம் இந்தச் செருப்பைத் தைக்கிறேன். கால் அளவு எடுத்திருக்கிறேன், எடை பார்த்திருக்கிறேன், நடையைப் பார்த்திருக்கிறேன். எந்த நிறம் பிடிக்கும் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். கத்தரிப்பூ நிறம் என்றாள். சொல்லிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள், கேட்டால் கிடைக்குமா என்று பார்ப்பது போல.

நானும் அன்ரனும் டவுனுக்கு ஓடினோம். செருப்புக் கடைகளில் அந்த ஊர்ப் பெண்கள் என்ன போடுகிறார்கள் என்று பார்த்தோம். நான் ஒவ்வொன்றையும் எடுத்து வளைத்து, உள்ளே விரலை விட்டு, முகர்ந்துகூடப் பார்த்தேன். ஒரு கடைக்காரர் "வாங்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். எங்கள் அதிர்ஷ்டம், தடித்த அடிப்பாகம் வைத்த செருப்புதான் இப்போது நாகரிகமாம். என் மெத்தென்ற ரப்பரை இனி ஒளிக்கவே வேண்டாம், தடிப்புதான் அழகு. விரலிடுக்கில் போகும் வார் மட்டும் கூடாது, அது உணர்வில்லாத விரலை அறுக்கும். அதற்குப் பதில் குறுக்கே இரண்டு அகல வார், பின்வாரில் ஒரு பித்தளைக் கொக்கி. கொக்கி வெறும் பார்வைக்கு. கீழே வெல்க்ரோதான், மடங்கிய விரலால் கொக்கி பூட்ட முடியாது. கத்தரிப்பூ நிறத்தில் தோல் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கைப்பையை வாங்கி வந்து வெட்டினோம்.

ஞாயிறு அன்ரன் காலைப் பூசைக்குப் போய் வந்ததும் உட்கார்ந்தோம். அன்று நல்ல வெயில், பசை ஏமாற்றவில்லை. சாயங்காலம் தர்மினியும் அம்மாவும் வந்தார்கள். போட்டுக் கொஞ்ச நேரம் நடக்கச் சொன்னேன். பிறகு கழற்றி, அவளே ஒரு சின்னக் கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். தினமும் அப்படித்தான் பார்ப்பாளாம், தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, கண்ணால் தொட்டுப் பார்ப்பது. சுண்டுவிரல் பக்கம் சிவந்திருந்தது. அந்த இடத்தைச் சீவினேன். மறுபடி நடந்தாள். சிவப்பு இல்லை.

அம்மா செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கலியாண வீட்டுக்கும் போடலாம் போல" என்றார். தர்மினி, "முதல்ல வேலைக்குப் போவம்" என்றாள்.

எனக்குத் திங்கட்கிழமை மாலை ரயில். காலையில் அன்ரன் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார், உங்களுக்கு முந்திரிப் பருப்பு வாங்க. ஆனால் மோட்டார் சைக்கிளில் ஏறியதும் அவர் கேட்காமலே கொக்கட்டிச்சோலைப் பக்கம் திருப்பினார். இந்தத் தடவை பாலம் வழியாக. கடைக்குள் போகக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எதிரில் தேநீர்க் கடையில், மூலையில், சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். "ஒங்கட மூஞ்சய இந்த ஊருக்கு நல்லாத் தெரியும்" என்றார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஃபோட்டோகாப்பி எடுக்க நின்றார்கள். சாந்தி முன் மேசையில் இருந்தார். கடைக்குள் தரைக்கு ஓடு பதித்திருந்தது. வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். படியில் ஒரு குவியல் செருப்பு. நான் தைத்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன், ஒரு நீல ஹவாய்க்கும் ஒரு வெள்ளை ஷூவுக்கும் நடுவில். உள்ளே, பின்னால், கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் தர்மினியின் தலை மட்டும் தெரிந்தது.

வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சிலர் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று வேலையை முடித்துக்கொண்டார்கள். ஒருவர் திரும்பிப் போனார். அவர் போனது அதற்காகவா, கூட்டத்தைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாது. சாந்தியின் முகம் ஒவ்வொரு முறையும் மாறியது. "ஆடாதீங்க, மேசை நடுங்குது" என்றார் அன்ரன்.

ஒரு பெண் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அவசரமாக வெளியே வந்தாள். மகனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டே, குனிந்து பார்க்காமல், காலாலேயே செருப்பைத் தேடினாள். நீலத்தைத் தள்ளினாள். கத்தரிப்பூ நிறச் செருப்புக்குள் காலை விட்டாள். ஒரு அடி வைத்தவள் நின்றாள். குனிந்து பார்த்தாள். எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, அதிலேயே நின்று குதிகாலை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

"இது ஆர்ட செருப்பு? மெத்தையில மிதிச்ச மாதிரிக் கிடக்கு."

சாந்தி தலை நிமிர்ந்து உள்ளே பார்த்தார். அன்ரனின் கை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "என்ட, அக்கா."

அந்தப் பெண் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். பின்னால் இருந்த தலையைப் பார்த்தாள், காலிலிருந்த செருப்பைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தெரியாதவர்கள் இல்லை. மகன் கையை இழுத்தான்.

"எங்க புள்ள வாங்கின?"

"அளவெடுத்துச் செய்விச்சது."

"நல்லாரிக்கு" என்றாள் அவள். காலை வெளியே எடுத்தாள். எடுத்த காலாலேயே அதை அதன் ஜோடிக்குப் பக்கத்தில் நேராக்கி வைத்துவிட்டு, தன்னுடையதைத் தேடத் தொடங்கினாள்.